கொடுத்தவர் கேட்க வேண்டிய கணக்கு



தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து விளக்குக் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கொடுத்தவரின் பெயர் சட்டென்று முடிந்துவிடும். அதன்பின் வருவதெல்லாம் கணக்கு. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அவை எந்த ஊர் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன, அவருக்காகப் பிணை நிற்கும் உறவினர் யார், நாள்தோறும் அவர் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு, அதை எந்த அளவையால் அளப்பது என்பது வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆடு செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது, குட்டிகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கோயிலுக்கு வரும் எவரும் அந்தச் சுவர் முன்னால் நின்று, இன்றைய நெய் வந்ததா என்று கேட்கலாம். அப்படிக் கேட்க வழி வைத்துத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் நம் ஊரில் கொடுத்தார்கள்.

அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் தணிக்கை செய்வது என் தொழில். நல்ல நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன், பெயர்ப்பலகை மட்டும் உள்ள நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். கணக்குக் கேட்பது கொடையின் ஒரு பாதி. பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பாதியை நாம் விட்டுவிடுகிறோம். மோசடிக்காரர்கள் குடியிருப்பது அங்கேதான்.

கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்டால் கொடுக்க மனமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். 'கொடுத்தது நமக்குப் புண்ணியம், ஏமாற்றினால் பாவம் அவனுக்கு' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 501 ரூபாய் வைத்தவர் தன் பெயர், இனிஷியல், ஊர் எல்லாம் சரியாக நோட்டில் ஏறும்வரை நகர மாட்டார். அதே மனிதர், பெயர் தெரியாத ஒருவர் அனுப்பிய கியூஆர் கோடுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டு, ரசீது வந்ததா என்று பார்ப்பதில்லை. சொந்தக்காரரிடம் கேட்பதில் இல்லாத கூச்சம் அந்நியரிடம் ஏன் வருகிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நன்கொடையில் நாம் கேட்பது நமக்காக என்று நினைக்கிறோம். உண்மையில், யார் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினார்களோ அந்தக் குழந்தைக்காகக் கேட்கிறோம்.

முற்பகல் பதினொரு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். "சார், ஆசிரமத்துல இருந்து பேசறோம். நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. இன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணினவர் கடைசி நேரத்துல வரலைன்னுட்டாரு. ஒரு ரெண்டாயிரம் முடியுமா சார்?" குரல் பணிவாக இருக்கும். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டாலும் கேட்கும். அடுத்த மாதம் அதே எண்ணிலிருந்து, அல்லது பக்கத்து எண்ணிலிருந்து, அதே மதியச் சாப்பாடு. இப்படி அழைப்பவர்களில் பலர் வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள். இல்லம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அழைத்தவரோடு நின்றுவிடலாம். அழைத்தவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "முகவரி கொடுங்கள் அம்மா, சாயங்காலம் நேரில் வருகிறேன்." உண்மையான இல்லம் மகிழ்ச்சியோடு வழி சொல்லும். மற்றவர்கள் இன்றே, இப்போதே என்று அவசரப்படுத்துவார்கள். பெரும்பாலான மோசடிகளில் நான் பார்த்த பொது அம்சம் இந்த அவசரம்தான். யோசிக்கவும் விசாரிக்கவும் நேரம் கொடுத்தால் பணம் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

'நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை' என்ற வாசகத்தை அச்சடித்த தாளில் பார்த்ததும் பலருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அறக்கட்டளை ஆவணம் ஒன்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு நாள் போதும். நிறுவனர் நேர்மையானவரா, பணம் சொன்ன காரியத்துக்குப் போகிறதா என்று சார்பதிவாளர் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிலைய ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் சமயம் சாராத அறக்கட்டளைகளுக்கு அப்படி ஓர் ஆணையர் கிடையாது. இது பெரிய குறை என்பது என் கருத்து. சங்கங்களின் நிலைமை கொஞ்சம் மேல். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி அவை ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெயர் இருக்கிறது என்று சிலர் காட்டுவார்கள். அது ஒரு பட்டியல், நற்சான்று அல்ல.

வருமான வரி விலக்குக்கான 80ஜி பதிவுதான் ஓரளவு கனமான சான்று. முன்பு ஒருமுறை வாங்கினால் காலம் முழுக்கச் செல்லும். 2021-இலிருந்து எல்லா நிறுவனங்களும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது காலக்கெடு உண்டு, முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பழைய எண்ணையே ரசீதில் அச்சடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய பதிவு எண் அந்த நிறுவனத்தின் பான் எண்ணில் தொடங்கும். பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். அது ஆங்கிலத்தின் 'டி' என்றால் அறக்கட்டளை, 'சி' என்றால் கம்பெனி. 'பி' என்று இருந்தால் அது தனிநபரின் பான். அறக்கட்டளை என்று சொல்லித் தனிநபரின் பானைக் கொடுக்கிறவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, நீங்கள் கொடுத்த தொகையை நிறுவனம் வருமான வரித் துறையிடம் தெரிவித்து, நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் உங்களுக்கு 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும் என்று 2021-22 நிதியாண்டிலிருந்து விதி வந்தது. கையால் எழுதிய ரசீதை யாரும் அச்சடிக்கலாம். இந்தச் சான்றிதழ் வரித்துறைத் தளத்திலிருந்துதான் இறங்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி சலுகையே இல்லை. சலுகை இல்லாதவர்களும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பணம் நிறுவனத்தின் கணக்கில் ஏறியதற்கு அதுவே சாட்சி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் இயற்றிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ஆகியிருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழகிய பெயர் என்பதால் இங்கே 80ஜி என்றே சொல்கிறேன்.

இந்த இடத்தில் மனம் வருந்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஏமாற்றுவது எப்போதும் வாங்குகிறவர் மட்டும் அல்லர். காசோலையாக ஒரு லட்சம் கொடுத்துவிட்டு, தரகு போக மீதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரசீதை வரிக்கணக்கில் காட்டுகிற நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அந்த ரசீதுகளுக்குப் பின்னால் சாப்பிட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை.

இனி கைப்பேசிக்கு வருகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு படுத்திருக்கும் குழந்தையின் படம், மருத்துவமனை மதிப்பீட்டுத் தாள், கீழே ஒரு கியூஆர் கோடு. இதில் நாம் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. படம் பெரும்பாலும் உண்மையானது, குழந்தையும் உண்மை, நோயும் உண்மை. எங்கோ ஒரு தகப்பனார் கதறி எழுதிய வேண்டுகோளை எடுத்து, கியூஆர் கோடை மட்டும் வெட்டி வேறு ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். பல குடும்பக் குழுக்களைச் சுற்றி அது நம்மிடம் வரும்போது, அனுப்பியவர் நம் சித்தப்பா, அதனால் நம்புகிறோம். சித்தப்பாவுக்கு அனுப்பியவர் யார் என்று சித்தப்பாவுக்கே தெரியாது. பிரதமர் பெயரிலான கொரோனா நிவாரண நிதி 2020 மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, அசல் யுபிஐ முகவரியில் ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் போலி முகவரி உருவாக்கிப் பணம் பிடித்தார்கள். டெல்லி போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நாட்டின் நிதிக்கே அது நடந்தது என்றால் ஒரு ஏழைத் தகப்பனாருக்கு நடப்பதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே அந்தப் படம் வந்தால், பரப்புவதற்கு முன் மதிப்பீட்டுத் தாளில் உள்ள மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். நோயாளியின் பெயரைச் சொல்லி, அவருடைய கட்டணக் கணக்கில் நேரடியாகச் செலுத்த முடியுமா என்று கேளுங்கள். யுபிஐயில் தொகை போடும் முன் திரையில் தெரியும் பெயர் யாருடையது என்று நின்று படியுங்கள். நிதி திரட்டும் இணையதளங்கள் வழியாகக் கொடுத்தால், பணம் மருத்துவமனைக்குப் போகிறதா தனிநபருக்குப் போகிறதா என்று அந்தப் பக்கத்திலேயே பாருங்கள். அந்தத் தளங்கள் சிலவற்றில் தளத்துக்கென்று ஒரு தொகை முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், விருப்பமில்லை என்றால் அதைப் பூஜ்யமாக்கலாம். இன்னொரு உதவியும் செய்யலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை எடுக்காமலே கடன் வாங்கிச் செலவழித்த குடும்பங்களை நான் அறிவேன். வருமானச் சான்றுக்கு அந்தக் குடும்பத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அலைவது, ஆயிரம் ரூபாய் அனுப்புவதைவிடப் பெரிய கொடையாக முடியலாம்.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். தணிக்கைக்காகப் போன ஓர் இல்லத்தின் சமையலறைச் சுவரில் கரும்பலகை ஒன்று இருந்தது. அந்த மாதத்து நாட்களைக் கட்டம் போட்டு, எந்த வேளைச் சாப்பாடு யார் உபயம் என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வேளையும் நிரம்பி, சில கட்டங்களில் இரண்டு பெயர். இரண்டு பிரியாணி, இரண்டு கேக். செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமை. "தீபாவளிக்கு அடுத்த வருஷமும் புக் ஆயிடுச்சு சார்" என்றார் நிர்வாகி அம்மா. அவருக்குத் தேவைப்பட்டது வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், வயதுக்கு வந்த பெண்களுக்கு நாப்கின், இரவு தங்கும் காப்பாளருக்குச் சம்பளம். "இதுக்கெல்லாம் யாரும் போட்டோ எடுத்துக்க முடியாதே சார்" என்றார். பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முகம் தெரியாதவர்களின் பிறந்தநாளுக்கு மாதம் பலமுறை கை தட்டிப் பாடுவது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், தன் பொறுப்பில் இருந்த ஒரு குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டது என்று போலி ஆவணம் காட்டியது. குழந்தை உயிரோடு வேறொரு வீட்டில் மீட்கப்பட்டது. விற்றிருந்தார்கள். இல்லம் நடத்த 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அந்தப் பதிவைப் பற்றி நாம் கேட்கலாம். பிரியாணி கொண்டு போகிறவர் அந்தக் கேள்வியையும் கொண்டு போனால், இப்படிப்பட்ட இல்லங்கள் அதிக நாள் நடக்காது என்று நம்புகிறேன்.

நன்கொடையாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, 'நான் கொடுக்கும் ரூபாய் முழுவதும் ஏழைக்கே போகுமா?' என்பது. முழுவதும் போகும் என்று உறுதி சொல்லும் நிறுவனத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். சமைக்க ஆள் வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும், மனநலம் குன்றியவர்களை இரவில் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. நிர்வாகச் செலவு குறைவு என்று காட்டுவதற்காகச் செவிலியரின் சம்பளத்தைக் குறைத்த நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். நிர்வாகச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அதில் என்ன வாங்கினார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். 1976-இல் மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்கிறது. அங்கே கருணைக்குப் பக்கத்தில் இறுக்கமான நிர்வாகம் நிற்கிறது. நிர்வாகத்துக்குச் செலவழிக்கத் தயங்கியிருந்தால் அது அந்த 11 படுக்கைகளோடு நின்றிருக்கும்.

தேவை எங்கே இருக்கிறது என்று தேடிப் போவதும் கொடுப்பவரின் கடமை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இதைத்தான் சொல்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவன் கையில். பாண்டிய நாட்டில் மழை பெய்து பஞ்சம் தீர்ந்ததும் அவனிடம் சாப்பிட வருவோர் யாரும் இல்லை. கொடுப்பதற்கு ஆள் இல்லையே என்று அவன் உட்கார்ந்துவிடவில்லை. சாவக நாட்டில் மழையில்லை, பசியால் உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அங்கே புறப்பட்டான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாம் லாரி லாரியாக அனுப்பிய பழைய துணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் குவிந்து, மழையிலும் வெயிலிலும் மக்கின. கடலோடு போராடி உழைத்துச் சாப்பிட்ட மக்கள், பிறர் உடுத்திக் களைந்ததைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது படகு, வலை, எஞ்சின். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. இஸ்லாத்தில் ஜகாத் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரை வகுத்து வைத்திருக்கிறார்கள். தகுதியானவரைச் சென்றடைகிறதா என்று பார்ப்பது கொடுப்பவரின் பொறுப்போடு சேர்ந்தது. தமிழில் பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சொல்லியிருக்கிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பதும் நம் பழமொழிதான், ஆனால் அது வாங்குகிறவருக்குச் சொன்னது.

பெருந்தொகை வைக்க நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறப்பதற்கு முன் தன் சொத்தை அறத்துக்கு எழுதி வைத்தார். பணம் இருந்தது, மனம் இருந்தது, உயிலும் இருந்தது. ஆனால் சொத்து தகராறிலும் வழக்கிலும் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று, அவர் பெயரிலான பள்ளி 1842 ஜனவரியில்தான் திறந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரு நல்லவரின் எண்ணம் காத்துக் கிடந்தது. உங்கள் காலத்திலேயே கொடுங்கள். கொடுத்ததை நடக்கும்போதே பாருங்கள். வட்டியில் நடக்க வேண்டிய அறம் என்றால், வட்டி குறைந்தால் என்ன செய்வது என்பதையும் ஆவணத்தில் எழுதுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் 10,000 ரூபாய் வைப்பில் தொடங்கிய பரிசுகள் பல, இன்று பேருந்துச் செலவுக்குக்கூடக் காணாத வட்டியோடு நிற்கின்றன.

மாதம் 200 ரூபாய் கொடுக்கிறவர்கள் இங்கே அதிகம் இருப்பீர்கள். உங்களுக்கு என் யோசனை, அதை இருபது இடத்துக்குச் சிதறவிடாமல் போய்ப் பார்க்க முடிகிற தொலைவில் உள்ள ஓரிரு நிறுவனங்களுக்கு மாதந்தோறும் கொடுப்பது. இந்தச் செலவுக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல் கொடுப்பது. ஆண்டில் ஒருநாள் போய்த் தணிக்கை அறிக்கையைக் கேட்பது. நிச்சயமாக வரும் 200 ரூபாயை நம்பி ஒரு நிர்வாகி காப்பாளருக்குச் சம்பளம் பேச முடியும். எப்போதாவது வரும் 5,000 ரூபாயை நம்பி முடியாது.

ஏமாந்துவிட்டால், தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். இணையவழியில் போன பணம் என்றால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். '500 ரூபாய்க்கா போலீசுக்குப் போவது' என்று நூறு பேர் நினைப்பதால்தான் அந்த ஒரு கணக்கு ஆண்டு முழுக்க இயங்குகிறது. உங்கள் 500 ரூபாய்ப் புகாரில் உள்ள கணக்கு எண், வேறொரு ஊரில் ஐம்பதாயிரம் இழந்தவரின் புகாரோடு பொருந்தும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஏமாந்தவர்கள் அதன்பிறகு கொடுப்பதையே நிறுத்திவிடுவது. திருடன் எடுத்துக்கொண்டது 500 தான். அவர் கொடுத்துவந்த உண்மையான இல்லத்துக்கு அதன்பின் ஆண்டாண்டாக வராமல் போவது பல ஆயிரம்.

இத்துடன் உரையை நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி நேரத்துக்கு அரை மணி ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பையிலோ கைப்பேசியிலோ நன்கொடை ரசீது ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். வருமான வரித் துறையின் தளத்தை இங்கே திரையில் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ரசீதில் உள்ள எண் இன்றைக்குச் செல்லுபடியாகிறதா என்று எப்படித் தேடுவது என்பதை உங்கள் ரசீதை வைத்தே காட்டுகிறேன்.